ஆப்கன் ராணுவத்தைக் கட்டிய கேப்டன்களும் சார்ஜென்ட்டுகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஆப்கன் தேசிய ராணுவத்துக்கு அமெரிக்கா 2002 முதல் பயிற்சி கொடுத்தது. அதில் கீழ்மட்டத் தலைவர்களுக்கு என்ன வேலை?

பதில்: எல்லா வேலையும் அவர்கள் தலையில்தான். ஆப்கன் பட்டாலியனுக்குக் கண்டக் என்று பெயர். பல கண்டக்குகளில் ஒரு சிறிய வெளிநாட்டு ஆலோசகர் குழு கூடவே தங்கியது. கேப்டன், மேஜர், சார்ஜென்ட் அளவிலான ஆட்கள். இரவுக் காவலுக்கு யார், தண்ணீர் வந்ததா, காயம்பட்டவரை எப்படி வெளியே கொண்டுபோவது என்பதை ஜெனரல் வந்து சொல்லித்தர மாட்டார்.

சோவியத் முறையில் பழகிய மூத்த ஆப்கன் அதிகாரிகள் முடிவு எதையும் கீழே விடவில்லை. அமெரிக்கப் படையோ சார்ஜென்ட்டை, அதாவது நம் ஹவில்தாரை, நம்பி நடப்பது. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருகைப் பதிவேடு எழுத முடியாதவரை எப்படி சார்ஜென்ட் ஆக்குவது? அதனால் எழுத்தறிவு வகுப்பும் ராணுவப் பயிற்சியில் சேர்ந்தது. நல்ல சார்ஜென்ட் உருவாகப் பத்து வருடம் வேண்டும். ஆலோசகர்களோ ஆறு மாதம், ஒரு வருடத்தில் மாறிவிடுவார்கள். 2015-க்குப் பிறகு ஆலோசனை பெரும்பாலும் கோர் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவு) தலைமையகம், அமைச்சகம் என்று மேலே போய்விட்டது. பெரிய தவறு அதுதான் என்பேன்.

கேள்வி: வெளிநாட்டுப் படைக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் லெப்டினன்ட் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சம்பளத்தை. ஆப்கனில் வங்கி வசதி இல்லாத ஊர்களே அதிகம். சம்பளத்தை வீட்டில் கொடுக்கப் போன சிப்பாய் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். இன்னொரு பக்கம், பட்டியலில் மட்டும் இருக்கும் ஆட்களின் சம்பளம் யாரோ ஒருவர் பைக்குப் போனது. இதெல்லாம் காபூலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. கூடவே தங்கி, தினமும் தலையை எண்ணுபவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று: உள்ளூர் அதிகாரியின் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். ரோந்துத் திட்டத்தை அவர் சுமாராகப் போட்டாலும் அவரே போடட்டும்.

கேள்வி: எம்16 நல்லதா, ஏகே நல்லதா?

பதில்: ஆயுதம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இந்தியா இதில் ஏதாவது செய்ததா?

பதில்: செய்தது. ஆப்கன் கேடட்டுகள் டேராடூன் ராணுவ அகாடமியில் படித்தார்கள். 2017-இல் ஆப்கன் பெண் அதிகாரிகள் சென்னை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பயிற்சி பெற்றார்கள்.

கேள்வி: இவ்வளவு கொடுத்தும் 2021-இல் தாலிபான் வந்தபோது சண்டையே போடாமல் ஓடினார்களே. கோழைகளுக்கு யார் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

பதில்: இதை ஏற்க மாட்டேன். அந்த 20 வருடத்தில் ஆப்கன் ராணுவத்திலும் போலீஸிலும் 60,000-க்கு மேல் உயிரிழந்தார்கள். 2021 ஜூனில் ஃபாரியாப் மாகாணம் தௌலதாபாத்தில் கமாண்டோக்கள் சூழப்பட்டார்கள். கேட்ட உதவி வரவில்லை. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கமாண்டோக்களோடு அமெரிக்கச் சிறப்புப் படையினர் கீழ்மட்டம் வரை பல வருடம் சேர்ந்து உழைத்தவர்கள். வித்தியாசம் அங்கே தெரியவில்லையா?

கேள்வி: அப்படியானால் மற்றவர்கள் ஏன் நிற்கவில்லை?

பதில்: விமானப் பராமரிப்பு வெளிநாட்டு ஒப்பந்த ஆட்கள் கையில் இருந்தது. அவர்கள் கிளம்பியதும் பல விமானங்கள் தரையில் நின்றன. தொலைதூரக் காவல் நிலைகளுக்குக் குண்டும் உணவும் போகவில்லை. அவர் வேலையை நீங்கள் செய்யாதீர்கள் என்று இதனால்தான் சொன்னேன்.

கேள்வி: 20 வருடப் பயிற்சி ஏன் வீணானது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதையே எத்தனை பேர்தான் கேட்பீர்கள்?

கேள்வி: தாலிபானுக்கு எந்த வெளிநாட்டுக் கேப்டனும் வந்து சார்ஜென்ட் உருவாக்கித் தரவில்லையே?

பதில்: இன்று வந்ததில் நல்ல கேள்வி. பாகிஸ்தானில் அவர்களுக்குப் புகலிடம் இருந்தது, அதை மறக்க வேண்டாம். ஆனால் அவர்களுடைய சிறு குழுத் தலைவர் பெரும்பாலும் அந்தப் பகுதி ஆள். கூட நிற்பவர்கள் உறவுக்காரர்கள், ஒரே மதரஸாவில் படித்தவர்கள். ஆறு மாதத்தில் அவரை யாரும் மாற்றவில்லை. அரசு ராணுவத்தில் தெற்கே ஹெல்மண்ட் மாகாணத்தில் நின்ற சிப்பாய் வடக்கிலிருந்து வந்தவராக இருப்பார், அந்த ஊர் மொழியான பஷ்தோ தெரியாது. தேசிய ராணுவத்தில் எல்லா இனத்தவரும் கலந்திருக்க வேண்டும் என்பது சரியான கொள்கைதான். ஆனால் அப்படிப்பட்ட படைக்குத்தான் பழுத்த சார்ஜென்ட் இரு மடங்கு தேவை.