இயற்பியல் படித்தவர் நானோ ஒளியியல், ஒளி உயிருணரி (ஒளியை வைத்து உயிர் மூலக்கூறுகளைக் கண்டறியும் சென்சார்) ஆய்வுக்குப் போகலாமா? நாள் முழுக்க லேசரோடுதான் வேலையா?

போகலாம். ஆனால் லேசரை நம்பிப் போனால் முதல் ஆண்டே ஏமாற்றம்தான். நான் அப்படித்தான் போனேன். பிஎச்.டி முடியும்போது கணக்குப் பார்த்தால், லேசரைத் தொட்ட நேரத்தைவிட துளித்துளியாகத் திரவம் அளக்கும் பைப்பெட்டைப் பிடித்த நேரமே அதிகம்.

அடிப்படை என்னவோ அழகானது. கண்ணாடிமேல் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் படலம். கண்ணாடிப் பக்கமிருந்து ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒளியை அனுப்பினால் அது திரும்பி வராது. தங்கத்தின் எலக்ட்ரான்கள் அதை வாங்கிக்கொண்டு அலையாக ஆடும். அந்த ஆட்டத்தின் வால், மறுபக்கம் இருக்கும் நீருக்குள் சில நூறு நானோமீட்டர் மட்டுமே நீளும். அந்த வாலுக்குள் ஒரு புரதம் வந்து ஒட்டினால் ஒளிவிலகல் எண் மாறும், கோணம் நகரும். புரதத்துக்குச் சாயம் ஏற்றும் வேலையே இல்லை. ஜெர்மன் இயற்பியலாளர் கிரெட்ஷ்மன் இந்த அமைப்பைக் காட்டியது 1968இல். 1983இல் ஸ்வீடனில் லீட்பெரி, நைலாந்தர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் இதை வைத்து ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறை மட்டும் பிடிக்கும் புரதம்) ஒட்டுவதை அளந்தார்கள். 1990இல் பியாகோர் என்ற பெயரில் கருவியாகச் சந்தைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். அதே வேலையை நகம் அளவு சில்லில் செய்யப் பார்க்கிறோம்: ஒளியைச் சுற்றவிடும் சிலிக்கான் வளையங்கள், ஒளியை அடைத்து வைக்கும் ஒளிப் படிகங்கள், தங்கத்தில் நானோ துளைகள். இவற்றைச் செய்வதுகூட அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. வந்து ஒட்டியது யார் என்று ஒளிக்குத் தெரியாது என்பதுதான் தலைவலி.

என் கதையையே சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் என் சென்சார் அருமையான சிக்னல் கொடுத்தது. சீரான ஏற்றம், சீரான இறக்கம். இரண்டு வாரம் தலைகால் புரியவில்லை. பிறகு புரதமே கலக்காத வெறும் பஃபரை (உப்புக் கரைசலை) ஓட விட்டேன். அதே ஏற்றம், அதே இறக்கம். அறையின் ஏசி அணைந்து அணைந்து ஓடியதைத்தான் அத்தனை துல்லியமாக அளந்திருக்கிறேன்! ஒரு டிகிரி ஏறினால் நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 0.0001 குறையும். நாங்கள் தேடும் மாற்றமோ அதில் நூறில் ஒரு பங்கு. அன்றிலிருந்து, பக்கத்திலேயே ஆன்டிபாடி பூசாத இன்னொரு பாதை வைத்து இரண்டையும் கழித்துப் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் யாரிடமும் காட்டுவதில்லை.

வெப்பநிலையைச் சமாளித்தாலும் ரத்தம் இருக்கிறது. ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தில், அல்புமின் என்ற புரதம் மட்டுமே லிட்டருக்குச் சுமார் 40 கிராம். மாரடைப்பைக் காட்டும் புரதமான ட்ரோபோனின் அதே ஒரு லிட்டரில் பத்து இருபது நானோகிராம்தான் இருக்கலாம். அதாவது நூறு கோடி மடங்குக்கும் மேல் வித்தியாசம். அல்புமினில் துளி போய்த் தங்கத்தில் ஒட்டினாலும் நம் சிக்னல் அதில் மூழ்கிவிடும். எனவே எதுவும் ஒட்டாத பூச்சு, அதன்மேல் ஒன்றை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி, அதுவும் பிடிக்கும் முனை கீழே போய்த் தலைகீழாக நிற்காமல். இதெல்லாம் வேதியியல்; எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தேடும் மூலக்கூறு மிகக் குறைவாக இருந்தால், அது நீந்தி அந்தச் சின்னப் பரப்பை வந்து தொடவே மணிக்கணக்காகும் என்பது தனிக் கதை.

எனவே எந்தக் குழுவில் சேரலாம் என்று பார்க்கும்போது அவர்களுடைய கட்டுரைகளில் உணர்திறன் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எதை வைத்துச் சோதித்தார்கள் என்று பாருங்கள். ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ஜோடியான பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் மட்டும் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த ஜோடி ஒட்டுவதைக் காட்டாத சென்சாரைச் செய்வதுதான் கஷ்டம். சீரத்தில் ஓட்டியிருக்கிறார்களா, குழுவில் ஒரு வேதியியல்காரராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் தைரியமாகச் சேரலாம். நான் சேர்ந்த குழுவில் இல்லை. மூன்றாம் ஆண்டில்தான் பக்கத்துத் துறையில் ஒருவரைப் பிடித்தேன். தங்கத்தை எப்படிக் கழுவ வேண்டும் என்பதிலிருந்தே அவர் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.