வெள்ளைக் கல் கிடந்தால் களர் நிலமா?

கேள்வி: ஐயா, திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் அரை ஏக்கர் மல்லிகை வைத்திருக்கிறோம். இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. மண்ணில் வெள்ளைக் கல்லும் கிடக்கிறது. பரிசோதனையில் பி.எச். 8.3. இது களர், ஜிப்சம் போடு என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். போடலாமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே தம்பி, ரொம்ப சந்தோஷம். இப்போதைக்கு ஜிப்சம் வேண்டாம்.

அந்த வெள்ளைக் கல் சுக்கான், அதாவது சுண்ணாம்பு. இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். சுண்ணாம்பு மட்டும் இருக்கிற மண்ணில் பி.எச். பெரும்பாலும் 8.4-க்குள் நின்றுவிடும். 8.5-ஐத் தாண்டினால்தான் சோடியத்தின் மேல் சந்தேகம் வர வேண்டும். சோடியம் ஏறிய களிமண் நீரில் கரைந்து பிரிந்து, துளைகளை அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் நாள்கணக்கில் கலங்கல் தண்ணீர் தேங்கும், காய்ந்தால் மேலே ஓடு கட்டும். அதுதான் களர்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி, நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை மெதுவாக இறக்குங்கள். கலக்காமல் விட்டுவிடுங்கள். கட்டியைச் சுற்றிக் கலங்கல் பரவி, மறுநாளும் தெளியாவிட்டால் சோடியம் இருக்கிறது. கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. ஜிப்சத்தின் கால்சியம் செய்யும் வேலையே களிமண்ணில் ஒட்டிய சோடியத்தைப் பெயர்த்து நீரோடு வெளியேற்றுவதுதான். பெயர்க்கச் சோடியமே இல்லையென்றால், சுண்ணாம்பு நிலத்தில் மேலும் கால்சியம் கொட்டி என்ன பயன்?

உங்கள் மல்லிக்கு வேண்டியது இரும்பு. மண்ணில் நிறையவே இருக்கும். ஆனால் பி.எச். ஒரு படி ஏறினாலே இரும்பு கரைவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், வேருக்கு எட்டாது. முதிர்ந்த இலையிலிருந்து தளிருக்கும் அது நகராது, அதனால்தான் தளிர் முதலில் வெளுக்கிறது. பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), ஒரு எலுமிச்சம்பழச் சாறு. சாறு விட்டால் அன்னபேதி துருவாக மாறுவது குறையும். கலந்த உடனே, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். வாரம் ஒரு தடவை, புதுத்தளிர் பச்சையாக வரும்வரை.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் போர் தண்ணீரைப் பற்றித்தான். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பைகார்பனேட் கூடுதலான தண்ணீர் இரும்பை முடக்கும். வருடக்கணக்கில் பாய்ந்தால் நல்ல கரிசலையும் களராக்கிவிடும். ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட், அதாவது கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு, 2.5-க்கு மேல் வந்தால் எனக்கு எழுதுங்கள், ஜிப்சம் எவ்வளவு என்று அப்போது கணக்குப் போடலாம்.