இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு மகள் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. நான்கு பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். குழந்தையின் தூக்கம், பால் குடித்த நேரம், எடை ஆகியவற்றைப் பெற்றோர் குறித்துவைக்க உதவும் செயலி எங்களுடையது. தகப்பனான பிறகுதான் எனக்குத் தொழிலே புரிகிறது. பொறுமை, குறைந்த தூக்கத்தில் முடிவெடுப்பது, வேலையைப் பகிர்ந்துகொடுப்பது என்று பத்துப் பாடங்களை எழுதி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளரின் மனமும் இப்போது நன்றாகத் தெரிகிறது. இரவு இரண்டு மணிக்கு அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவார். எனவே முதல் மாதத்தை இலவசமாகக் கொடுக்கப்போகிறோம். குழந்தையின் பதிவுகள் எல்லாம் உள்ளே சேர்ந்துவிட்டால் பிறகு யாரும் விலக மாட்டார்கள்.

என் கேள்வி: இந்த ஆண்டே நிறுவனத்தை விரிவாக்கலாமா, மகளுக்கு ஒரு வயது ஆகும்வரை பொறுத்திருக்கலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மகளுக்கு என் அன்பு. கடிதத்தை மூன்று முறை படித்தேன். விரிவாக்கம் பற்றிய கேள்வியைவிட, அதற்கு முன்னால் போகிறபோக்கில் எழுதிய நான்கு வரிகள்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

பத்துப் பாடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொறுமை நல்லது. தூக்கமில்லாமல் எடுக்கும் முடிவு கெட்டது. அதை ஒரு திறமையாக வளர்த்துக்கொள்ளாதீர்கள், போய்த் தூங்குங்கள். வேலையைப் பகிர்வதை அலுவலகத்தில் பேசுவதற்கு முன் வீட்டில் தொடங்குங்கள். இவ்வளவு நீளக் கடிதத்தில் குழந்தையின் தாய் ஓரிடத்தில்கூட வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் பிரசவித்த பெண் அவர். அவரும் அந்த இரண்டு மணிக்கு விழித்துத்தான் இருக்கிறார்.

என் மூத்த மகள் பிறந்தபோது நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால், அடுத்த பத்தியில் எத்தனை நிமிடம், அடுத்ததில் எவ்வளவு நேரம் தூங்கினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கங்கள். இருபத்திரண்டாம் நாள் இரவு அவள் நீலம் பாரித்துவிடுவாளோ என்று பயப்படும் அளவுக்கு வீறிட்டு அழுதாள். மார்பில் போட்டால் பிடிக்கவும் தெரியாத அளவுக்கு ஆத்திரம். நான் நோட்டைப் பார்த்து, "இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறதே" என்றேன். உதவிக்கு வந்திருந்த பெரியம்மா நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினார். "அவள் அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ அழுகை வந்தால்தான் கேட்டதாக எடுத்துக்கொள்கிறாய்" என்றார்.

மறுநாள் தொட்டிலருகே உட்கார்த்திவைத்துக் காட்டினார். முதலில் உதடுகள் அசைந்தன, வாய்க்குள் நாக்கு புரண்டது. பிறகு தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. கன்னத்தை விரலால் தொட்டதும் வாய் திறந்து விரலைத் தேடியது. முஷ்டி வாய்க்குப் போனது. இத்தனைக்கும் பிறகும் யாரும் வராவிட்டால்தான் அழுகை. பசியின் கடைசி அடையாளம்தான் அழுகை என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அந்த முறைகள் கடிகாரத்துக்குச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு வருவதில்லை. பிறந்த குழந்தைக்குக் கண் ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்வரைதான். அந்த வட்டத்துக்குள் நான் முகத்தைக் கொண்டுபோகவே இல்லை. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் ஒரு சிறு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். சந்தாதாரர்களுக்கு ஆளுக்கோர் அட்டை உண்டு. அந்த வாரமே விலகிப்போனவர்களின் அட்டைகளை எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். யாரும் திடீரென்று போகவில்லை. ஒரு வருடம் பத்து நாள் தாமதமாகப் பணம் வந்திருக்கிறது. அடுத்த வருடம் இரண்டு மாதம். மாதம் ஒரு கடிதம் எழுதியவர் எழுதுவதை நிறுத்தியிருக்கிறார். குறை சொல்லித் திட்டி எழுதியவர்கள் எல்லாம் எங்களோடுதான் இருந்தார்கள். தாமதம் தொடங்கியிருந்த சிலருக்கு என் கையாலேயே எழுதிக் கேட்டேன். ஒரு பெரியவர் பதில் போட்டார்: எழுத்து சிறிதாகிவிட்டது, கண் எட்டவில்லை, வயதாகிவிட்டது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. காகிதத்தை மிச்சப்படுத்த நாங்கள் எழுத்தின் அளவைக் குறைத்திருந்தோம். அடுத்த இதழிலிருந்து பழைய அளவுக்கே திரும்பினோம்.

குழந்தையின் சைகையைக் கவனிப்பது, அதைச் சரியாகப் புரிந்துகொள்வது, தாமதிக்காமல் பதில் தருவது, அந்தப் பதில் அது கேட்டதற்குப் பொருத்தமாக இருப்பது. தாய்மையின் கூருணர்வை மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் இப்படித்தான் வரையறுத்தார். தொழிலுக்கு எனக்கும் இது போதுமானதாக இருந்தது. இதில் நான்காவதில்தான் நீங்கள் வழி தவறுகிறீர்கள், எம். கவனித்துவிட்டீர்கள். களைத்தவரின் மனம் எந்த நேரத்தில் இளகும் என்று சரியாகப் புரிந்தும்கொண்டீர்கள். ஆனால் அந்த அறிவைக் கொண்டு அவர் கேட்காத ஒன்றில் அவரைக் கட்டிப்போடப் பார்க்கிறீர்கள்.

இது புதிய யோசனை என்று நினைக்காதீர்கள். செவிலியர்போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் பிரசவ வார்டுகளுக்கே போய்ப் பால் மாவு மாதிரிகளை இலவசமாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் ஊறும். குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். இலவச டப்பா தீரும்போது தாயின் பாலும் வற்றத் தொடங்கியிருக்கும். அதன் பிறகு அவள் காசு கொடுத்து வாங்கியே ஆகவேண்டும். காசு இல்லாதவள் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினாள். அந்தத் தண்ணீரும் பல இடங்களில் சுத்தமானதாக இல்லை. குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் ஊட்டமின்மையிலும் செத்தன. தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலைத் தலையில் கட்டியதைக் கண்டித்து 1939இலேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பேசினார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. 1981இல்தான் உலக சுகாதாரப் பேரவை இத்தகைய விற்பனைக்கான நெறிமுறையை நிறைவேற்றியது: பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது. 118 நாடுகள் ஆதரித்தன, ஒரு நாடு எதிர்த்து வாக்களித்தது.

பால் மாவை நான் குறை சொல்லவில்லை. அது தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அதனால் பிழைத்த குழந்தைகள் உண்டு. அதைக் கொடுக்கும் எந்தத் தாயும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. நான் சொல்வது அந்த இலவசத்தைப் பற்றி. திரும்பிப் போகும் வழி அடைபடும்வரை மட்டும் நீடிக்கும்படி அளந்து கொடுக்கப்பட்ட இலவசம் அது. உங்கள் செயலியால் யாரும் சாகப்போவதில்லை, தெரியும். ஆனால் "பதிவுகள் உள்ளே சேர்ந்துவிட்டால் விலக மாட்டார்கள்" என்று நீங்கள் எழுதியது அதே கணக்குத்தான். ஒரு குழந்தையின் முதல் நாட்களின் எடை, தூக்கம், முதல் சிரிப்பு தெரிந்த தேதி, இவையெல்லாம் அந்தப் பெற்றோருடையவை. அவற்றைப் பிணையாக வைத்துப் பணம் வாங்குவதற்கு விற்பனை என்று பெயர் கிடையாது. அந்த வரியை எழுதும்போது உங்கள் மகள் உங்கள் தோளில் கிடந்திருப்பாள். எப்படி மனம் வந்தது?

இலவச மாதம் கொடுங்கள், தவறில்லை. கட்டணம் பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னால், பகல் நேரத்தில், எவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். சேரும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே விலகும் பொத்தானும் அதே அளவில் இருக்கட்டும். விலகுகிறவர் தன் குழந்தையின் பதிவுகள் முழுவதையும் ஒரே தொடுதலில் எடுத்துக்கொண்டு போகட்டும். பதிவு செய்வதைப் படிப்படியாகக் குறைக்கிறவர்களைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்களிடம் கேளுங்கள். குழந்தை தேறிவிட்டதால் இனிக் குறிக்கத் தேவையில்லை என்று அவர்கள் சொன்னால், மகிழ்ச்சி என்று எழுதிக் கணக்கை முடித்துக்கொடுங்கள். அவர்கள் பக்கத்து வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு உங்கள் பெயரைச் சொல்வார்கள். என் பத்திரிகைக்குப் புதிய சந்தாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தன.

விரிவாக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போடுங்கள். குழந்தையின் அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும் என்பார்கள். உங்கள் வீட்டில் இனிமேல்தான் இரவில் அழுகையில்லாத நேரம் கொஞ்சம் நீளும். அதில் பாதியை மனைவியின் தூக்கத்துக்குக் கொடுங்கள். அந்த விலகும் பொத்தானை வைத்த பிறகு எனக்கு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்