மதுரையில் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் உண்டா?

கோயில், ஜிகர்தண்டா போக, எங்கள் ஊரில் கணினிக் கிறுக்கர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறோம். சத்தம்தான் குறைவு.

கல்லூரி நாட்களில் நண்பன் வீட்டு மாடியில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பகுதிகளை (பார்டிஷனை) மாற்றும்போது பொட்டென்று கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் வாங்க யாரிடம் காசு? அவன் அக்காவின் கல்யாணப் படங்கள் அத்தனையும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான். மூன்று ராத்திரி தொலைந்த பார்டிஷனை மீட்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளோடு மல்லுக்கட்டி மீட்டோம். திட்டித் தீர்த்த அக்காதான் அப்புறம் கறிதோசையும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் 'சங்கம்' அப்படித்தான் கூடியது.

சங்கம் என்றதும் ஒன்று: 'மதுரைத் திட்டம்' இங்கே நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1998-இல் தொடங்கியது, பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். பெயர் மட்டும் எங்களுடையது. அதிலும் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளூர்த் தொழில்நுட்பச் சரக்கு வேண்டுமென்றால் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப்: கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே மலிவாகச் செய்கிறார்கள்.