இரவு பத்தரைக்கு வரும் 'மிஸ்...'
கேள்வி - பதில்: புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்காக

கேள்வி: ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டே வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என் இன்ஸ்டாகிராமைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்லூரி டூர் போட்டோ எல்லாம் அதில் இருக்கிறது. கணக்கையே அழித்துவிடட்டுமா?
- ஆசிரியை, பெரியபட்டினம்

பதில்: அழிக்க வேண்டாம். டூர் போனது குற்றமில்லை. யார் பார்க்கலாம் என்பது உங்கள் கையில் இருந்தால் போதும்.

அவர்கள் கண்டுபிடித்த வழி பெரும்பாலும் உங்கள் செல்போன் எண்தான். பெற்றோருக்குக் கொடுத்த எண்ணிலேயே இன்ஸ்டாகிராமும் இருந்தால், அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் அம்மாவின் போனில் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று உங்கள் முகம் வந்து நிற்கும். பிள்ளை தேடவே வேண்டியதில்லை. அதனால் முதல் வேலை, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டிலிருந்தும் அந்த எண்ணை எடுத்துவிட்டு மின்னஞ்சலை மட்டும் வையுங்கள்.

அடுத்து கணக்கைப் பிரைவேட் ஆக்குங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிரைவேட் ஆக்குவதற்கு முன்பே ஃபாலோ செய்தவர்கள் உள்ளேயேதான் இருப்பார்கள். பட்டியலைத் திறந்து மாணவர்களை ஒவ்வொருவராக நீக்க வேண்டும். நீக்கினால் அவர்களுக்கு அறிவிப்பு போகாது. தோழிகள் உங்களை டேக் செய்யும் படங்கள் உங்கள் அனுமதிக்குப் பிறகே தெரியும்படி மாற்றுங்கள். ஃபேஸ்புக்கில் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. பழைய பொதுப் பதிவுகள் அத்தனையையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடும். ஆனால் திரும்பப் பழையபடி ஆக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத்தான் முடியும்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியலை முன்னால் போட்டும் பின்னால் போட்டும், கல்லூரிப் பெயரைச் சேர்த்தும் தேடுங்கள். கணக்கிலிருந்து வெளியே வந்து தேடினால்தான் ஊரார் பார்ப்பது உங்களுக்கும் தெரியும்.

மாணவர் யாராவது "ஏன் மிஸ் எடுத்துட்டீங்க?" என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். "படிக்கிற பிள்ளைங்களை நான் அதுல சேர்க்கிறதில்லை, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று வகுப்பிலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒருவனை மட்டும் விட்டு வைத்தால் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரவில் வாட்ஸ்அப்பில் "மிஸ் தூங்கிட்டீங்களா?" என்று அனுப்புகிறாள். பதில் போடாவிட்டால் மனசு கேட்கவில்லை. போட்டால் பேச்சு நீள்கிறது.
- ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: மனசு கேட்காததில் தவறில்லை. அப்பா கடலுக்குப் போன இரவில் பேச ஆளில்லாத பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. ஆனால் அந்தப் போன் அவளுடையதா? அநேகமாக அம்மாவுடையது, அண்ணனும் எடுப்பான். நீங்கள் ஆறுதலாக எழுதும் ஒரு வரியைக் காலையில் யார் எந்த நேரத்தில் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. முன்பின் இல்லாமல் படித்தால் நல்ல வார்த்தையும் வேறு மாதிரி தெரியும்.

ஒரே ஒரு பதில் போடுங்கள்: "நாளைக்குக் காலையில பிரேயருக்கு முன்னாடி வந்து என்னைப் பாரு. அவசரம்னா இப்பவே அம்மாவைப் பேசச் சொல்லு." மறுநாள் வகுப்பறைக் கதவு திறந்திருக்க, நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். போனில் இருபது செய்தியில் வராதது ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

அவள் சொல்வது யாரோ அவளிடம் தவறாக நடப்பது பற்றியதாக இருந்தால் நிலைமை வேறு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொன்ன சொற்களை அப்படியே தேதி, நேரத்தோடு எழுதிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போங்கள். அவர் தயங்கினாலும் உங்கள் கடமை முடிந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098இல் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அந்தரங்கப் படம் ஏதாவது அனுப்பியிருந்தால் அதை யாருக்கும், தலைமையாசிரியருக்கும்கூட, ஃபார்வர்டு செய்யாதீர்கள். பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவதே குற்றம்.

மற்ற நாட்களுக்கு ஓர் ஏற்பாடு. பள்ளிக்கென்று தனி சிம் வாங்கி, அதே போனில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்கு மேல் தானாகப் பதில் போகும் 'அவே மெசேஜ்' அதில் உண்டு. இது மாணவர்களைவிடப் பெற்றோருக்கே அதிகம் உதவும். சவுதியில் வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வாப்பா மகளின் மார்க்கைக் கேட்கும்போது இங்கே பத்தரை. அவர் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை, அவருக்குக் கிடைக்கிற நேரம் அது. "காலை 8 மணிக்குப் பதில் தருகிறேன்" என்று தானாகப் போனால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் தூக்கம்.

தனி எண் இல்லாதவர்கள் பிரைவசியில் 'மை காண்டாக்ட்ஸ்' வைத்துவிட்டு ஸ்டேட்டஸ் மறைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பெற்றோர் எண்களையும் நீங்கள்தானே சேமித்திருக்கிறீர்கள்? அவர்களும் காண்டாக்ட்தான். 'எக்ஸெப்ட்' உள்ளதைத் தேர்ந்தெடுத்து அவர்களைக் குறிக்க வேண்டும்.

வகுப்புக் குழுவில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி வைத்து, இன்னொரு ஆசிரியரையும் அட்மின் ஆக்குங்கள். சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளையின் அம்மா எண் ஊர் முழுக்கப் போக வேண்டாம் என்றால் ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும், ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை. உங்கள் எண்ணைச் சேமிக்காதவருக்கு அது போய்ச் சேராது. அதனால் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சேமிக்கச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்தைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வையுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை என்பதால் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களும் கரையில் இருப்பார்கள்.

கேள்வி: அக்டோபர் 15, கலாம் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் பேசியதை ஸ்டேட்டஸ் வைக்கலாமா?
- ஆசிரியர், பாம்பன்

பதில்: பெற்றோர் எழுதிக் கொடுத்த அனுமதி, தலைமையாசிரியரின் சம்மதம் இரண்டும் இருந்தால் பள்ளியின் கணக்கில் வரட்டும். உங்கள் சொந்த ஸ்டேட்டஸில் வேண்டாம். 24 மணி நேரத்தில் மறையும் என்பதை நம்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு நொடி போதும். முகம், பெயர், சீருடை மூன்றும் ஒரே படத்தில் இருந்தால் பிள்ளை எங்கே படிக்கிறாள், எத்தனை மணிக்கு வெளியே வருவாள் என்பது முன்பின் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும். அறிவியல் மாதிரியைப் பிடித்திருக்கும் கைகள், பின்னாலிருந்து எடுத்த வரிசை, இவை போதும்.

இதோடு நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். படகோடு பிடிபட்டு அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளையின் அழுகையைப் பதிவிடாதீர்கள். எவ்வளவு அக்கறையோடு போட்டாலும், அப்பா வந்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். மைக்கோடு யாராவது பள்ளிக்கு வந்தால் பிள்ளையை அவர் முன்னால் அனுப்பாமல், அவரைத் தலைமையாசிரியரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: என் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு திறந்து பெற்றோரிடம் பணம் கேட்கிறார்கள்.
- ஆசிரியர், தொண்டி

பதில்: புகார் செய்து நீக்குவதற்கு முன், அந்தப் பக்கத்தின் முகவரி, பணம் கேட்ட செய்தி, பணம் கேட்ட யுபிஐ எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதலில் நீக்கிவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது. யாராவது பணம் கட்டியிருந்தால் அவரை உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறாரோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.