பிள்ளையின் பள்ளியில் பாதுகாப்பு விதிகளை மீறினால் யாரிடம் புகார் கொடுப்பது? கொடுத்தால் பலன் இருக்குமா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பையன் மூன்றாவது மாடியில் படிக்கிறான், இரண்டாவது படிக்கட்டின் கதவு எப்போதும் பூட்டியே இருக்கிறது, கேட்டால் "பிள்ளைகள் ஓடி விழுந்துவிடுவார்கள், அவர்கள் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள். இந்த வசனம் எனக்கு மனப்பாடம். எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆள்தான் எழுதிக் கொடுத்திருப்பார் போல.

பலன் இருக்கிறது. ஆனால் மனுவை "கல்வித்துறைக்கு" என்று பொதுவாக எழுதிப் போடாதீர்கள். அந்தக் கட்டடம் பாதுகாப்பானது என்று சான்று கொடுத்து, கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று கண்டுபிடித்து, அவருக்கே எழுதுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்ற கதை.

நான் வக்கீல் இல்லை, அதிகாரியும் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வவுச்சரில் யார் கையெழுத்து என்று பார்த்தே பழகிய ஆள். எங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரையும் மாவட்டத்தையும் சொல்ல மாட்டேன், மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள். இதற்கே "பெயர் சொல்லத் தைரியமில்லாதவர் எதற்கு எழுத வேண்டும்" என்று ஒருவர் வருவார். அவருக்குப் பிள்ளை இருக்காது, அல்லது பிள்ளை கல்லூரி முடித்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். மார்க் ஷீட் வாங்க மொத்தப் பெற்றோரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள், கால் வைக்க இடமில்லை. சரி, பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு இருக்கிறதே என்று வராந்தா வழியாகப் போனேன். இரும்பு கிரில், அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூட்டு, பூட்டின் மேலேயே சிலந்தி வலை. கிரில்லுக்கு அந்தப் பக்கம் படிகளே தெரியவில்லை. கால் உடைந்த பெஞ்சுகள், ஆண்டு விழாவுக்குச் செய்த தெர்மோகோல் அன்னப்பறவை, அதற்குக் கீழே மேல்படி வரைக்கும் அடுக்கிய நோட்டுக் கட்டுகள். எரிவதற்கு இதைவிட வசதியாக யாராலும் அடுக்க முடியாது. சுவரில் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் முள் சிவப்பில் நிற்கிறது, ரீஃபில் செய்த தேதி எழுதிய அட்டையில் மை வெளுத்து எதுவும் படிக்க முடியவில்லை, பிள்ளைகள் பிடுங்கிவிடக் கூடாது என்று பின்னைக் கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கி வைத்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் முதலில் கட்டிங் பிளேயர் தேட வேண்டும். பக்கத்தில் நான்கு சிவப்பு வாளி. ஒன்றில் மணல், ஒன்றுக்கு அடிப்பாகமே இல்லை, மீதியில் பென்சில் சீவலும் பிஸ்கட் காகிதமும்.

வாட்ச்மேனிடம் சாவி எங்கே என்று கேட்டேன். "ஆபீஸ்ல இருக்கும்மா, ஆபீஸ் சார்கிட்ட கேளுங்க." ஆபீஸ் சார் "வாட்ச்மேன்கிட்டதான் மேடம்" என்றார். நான் சிரிக்கவில்லை.

கரஸ்பாண்டென்டைப் பார்த்துப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "எங்களிடம் எல்லாச் சான்றும் இருக்கிறது மேடம், இல்லாமல் அங்கீகாரம் புதுப்பித்துத் தருவார்களா? உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம்." கடைசி வரியைக் குரலே உயராமல் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு "ஒரு பூட்டுக்கு இவ்வளவா" என்று நினைப்பவர்களுக்கு: 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையற்கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரை, மாடியில் பிள்ளைகள், இறங்கக் குறுகலான ஒரு படிக்கட்டு, 94 குழந்தைகள். தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2014 ஜூலையில், பத்து வருடம் கழித்து. 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. தண்டனை பெற்றவர்களில் பள்ளி நடத்தியவர் மட்டுமல்ல, கல்வித்துறை ஆட்களும் இருந்தார்கள், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் இருந்தார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் சிலரை விடுவித்தது, சிலருடைய தண்டனையைக் குறைத்தது, அது வேறு விஷயம். அந்தத் தீ விபத்தை ஒட்டி உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கில் 2009-இல் தீர்ப்பு வந்தது: பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் உரிமை, எல்லாப் பள்ளியிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்த ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று. ஆக, சட்டம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் பள்ளிச் சுவரில் தொங்கிய சிலிண்டரே அந்தத் தீர்ப்புக்குத்தான், கம்பி சுற்றியது நம்ம ஊர்ப் பங்களிப்பு.

சரி, மனு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள், எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வரிசையில் நின்று மனு கொடுத்தால் கம்ப்யூட்டர் சீட்டில் ஒரு எண் தருகிறார்கள். மனு கலெக்டரிடமிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போகும், அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து "உரிய நடவடிக்கைக்காக" எங்கே போகும் தெரியுமா? பள்ளிக்கே! கொஞ்ச நாளில் பிரின்சிபால் அறையிலிருந்து அழைப்பு. மேசை மேல் என் மனு, என் கையெழுத்து, என் போன் நம்பர், எல்லாம் அப்படியே ஜெராக்ஸாக இருக்கிறது. அப்புறம் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளி நிர்வாகத்துக்கு அறிவுரை வழங்கப்பட்டது, மனு முடித்துவைக்கப்பட்டது. பூட்டு அங்கேயேதான் இருந்தது.

நான் அந்த அலுவலர்களைத் திட்ட வரவில்லை. ஒரு மாவட்டத்தில் எத்தனை பள்ளி, அவர்களிடம் எத்தனை ஆள், எத்தனை வண்டி என்று யோசித்தால் எனக்கும் புரியத்தான் செய்கிறது. தீ பற்றியோ சுவர் விரிசல் பற்றியோ அவர்களுக்குப் பயிற்சியும் கிடையாது. அவர்கள் பார்ப்பது கோப்பில் தாள் இருக்கிறதா என்று. தாள் இருக்கிறது. அதனால் அவர்களைப் பொறுத்தவரை பள்ளி பாதுகாப்பானது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது மற்ற பெற்றோர் மேல்தான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கிரில் படத்தைப் போட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. தனியாக மெசேஜ் போட்டு "சூப்பர் சிஸ்டர், நீங்க கேளுங்க, நாங்க பின்னாடி இருக்கோம்" என்கிறார்கள். பின்னாடி என்றால் எவ்வளவு பின்னாடி என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கே படவில்லை. இதே குழுவில் ஃபேன்சி டிரஸ்ஸுக்கு எந்தக் கடையில் துணி வாடகைக்குக் கிடைக்கும் என்று கேட்டால் ராத்திரி பதினொரு மணி வரை பதில் வரும்.

அந்த நோட்டுக் கட்டுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். படிக்கட்டில் அடுக்கியிருந்தவை பள்ளி முத்திரை போட்ட நோட்டுகள். அதே பக்கம், அதே தாள், வெளிக்கடையில் விலை குறைவு. ஆனால் பள்ளியில்தான் வாங்க வேண்டும், செட்டாகத்தான் வாங்க வேண்டும், போன வருட நோட்டில் பாதி காலியாக இருந்தாலும் புதிதுதான் வேண்டும். பிரவுன் ஷீட், லேபிள், அதற்கும் தனிக்காசு. நாம் காசு கொடுத்து வாங்கப்போகிற சரக்கை நம் பிள்ளை தப்பிக்க வேண்டிய வழியில் குவித்து வைக்கிறார்கள், அதற்கு வாடகை மிச்சம். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், விடுங்கள்.

கரஸ்பாண்டென்ட் சொன்ன "எல்லாச் சான்றும் இருக்கிறது" மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இருக்கிறதென்றால் யாரோ கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? தனியார் பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்க முக்கியமாகக் கேட்பது இவை: பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965-இன் கீழ் தாசில்தார் தரும் உரிமம், பள்ளி ஆபீஸ்களில் டி ஃபார்ம் லைசென்ஸ் என்பார்கள். அதற்கு ஆதாரமாகப் பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று. சுகாதாரத் துறையின் சுகாதாரச் சான்று, இது கழிப்பறைக்கும் குடிதண்ணீருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதர் வந்து பார்த்ததாகச் சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்திட்ட தாள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் தீயணைப்பு அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். "தனியார் பள்ளிக்கு ஆர்டிஐ பொருந்தாது" என்று பிரின்சிபால் ஏற்கெனவே எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்திருந்தார். பள்ளியிடம் கேட்டால்தான் அந்தப் பேச்சு, அரசு அலுவலகக் கோப்பில் இருக்கும் தாளுக்குத் தாராளமாகப் பொருந்தும். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு அலுவலகம் கொடுத்துவிட்டது, இன்னொன்று மூன்றாம் நபர் தகவல், அதாவது வேறொருவருடையது, தர முடியாது என்று இழுத்தது. ஆயிரம் பிள்ளைகள் உட்காரும் கட்டடத்தின் பாதுகாப்புச் சான்றில் யாருடைய அந்தரங்கம் இருக்கிறது என்று அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் செய்யும் முதல் மேல்முறையீட்டில் கேட்டேன், கொடுத்தார்கள்.

தீயணைப்புச் சான்றின் நகலைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு படிக்கட்டுகளும் தடையின்றிப் பயன்பாட்டில் உள்ளன, தீயணைப்பான்கள் நல்ல நிலையில் உள்ளன என்று அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறது. தேதி, நான் அந்தச் சிலந்தி வலையைப் பார்த்ததற்குக் கொஞ்ச காலம் முன்புதான்.

அடுத்த கடிதத்தைக் கையெழுத்திட்ட அலுவலகத்துக்கே எழுதினேன். கோபமாக ஒரு சொல் கிடையாது. உங்கள் இன்ன எண் சான்றில் இப்படி உள்ளது, இன்ன தேதியில் நான் எடுத்த படத்தில் இப்படி உள்ளது, சான்று இன்னும் செல்லுமா என்று எழுத்தில் தெரிவிக்கவும். நகல்: அந்தச் சான்றை நம்பி உரிமம் தந்த தாசில்தாருக்கு. ஸ்பீடு போஸ்ட், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், அறிவுரை வழங்கப்பட்டது என்று யாரும் எழுதவில்லை. வண்டி வந்தது. மகள் வீட்டுக்கு வந்து "அம்மா, இன்னைக்கு ஃபயர் சர்வீஸ் அங்கிள் வந்து சிலிண்டர் எப்படி அடிக்கணும்னு காட்டினார், பி.டி. பீரியட் கேன்சல்" என்றாள். பி.டி. போனதில் அவளுக்கு வருத்தம்.

பேருந்து விஷயத்தில் இந்தச் சான்றும் சோதனையும் கொஞ்சம் தேவலை என்று நினைக்கிறேன். 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில நாள் முன்புதான் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, அதே வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் மஞ்சள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அவசரக் கதவைத் திறந்து பார்க்கிறார்கள், பேப்பரில் படமும் வருகிறது. கட்டடத்தை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு வர முடியாது, அதனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

"அரசுப் பள்ளியில் மட்டும் ஒழுங்கா" என்று கேட்பீர்கள். இல்லை. உதவி பெறும் பள்ளியிலும் இல்லை, 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தது அப்படி ஒரு பள்ளியில்தான். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். அரசுப் பள்ளியில் ஒரு வசதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு, தீர்மானமாகவே எழுதிப் பதிவு செய்யலாம். எங்களைப் போன்றவர்களுக்கு வாட்ஸ்அப் குழுதான்.

பிள்ளையைப் பழிவாங்குவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பள்ளியைப் பற்றி நான் எப்படிச் சொல்வது? எங்கள் பள்ளியில் ஒரு மிஸ் வகுப்பில் வைத்து "உங்க அம்மாதானே அது" என்று ஒருமுறை கேட்டார், வேறெதுவும் நடக்கவில்லை. இன்னொரு மிஸ் மெதுவாக வந்து நன்றி சொன்னார். அந்த மாடியில் நாள் முழுக்க நிற்பது அவரும்தானே.

பூட்டு போய்விட்டது, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள். நோட்டுக் கட்டுகள் மறைந்துவிட்டன. பெஞ்சுகளில் பாதி இன்னும் கீழ்த்தளத்துப் படிக்கடியில் கிடக்கிறது, அதற்கு இன்னொரு கடிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை.

நீங்கள் முதலில் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள், பேரண்ட்ஸ் மீட்டிங் அன்றைக்குப் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். பிள்ளைகள் முகம் படத்தில் விழக் கூடாது, இல்லையென்றால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆர்டிஐ-யில் "சான்று உள்ளதா" என்று கேட்காதீர்கள், உள்ளது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சான்றின் நகல், ஆய்வுக்கு வந்த தேதி, ஆய்வு அறிக்கை நகல், இந்த மூன்றையும் கேளுங்கள். ஏப்ரல் கடைசியில் எழுத வேண்டாம், ஆய்வுக்கு வரும்போது பள்ளி மூடியிருக்கும், பூட்டியிருப்பதற்கு அதையே காரணமாகச் சொல்வார்கள்.