விட்டு விட்டு நின்றுபோகும் பழைய கம்ப்யூட்டர்: மதர்போர்டை மாற்றலாமா?

கேள்வி: ஒரு அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பை செகண்ட்ஸில் வாங்கி, லினக்ஸ் போட்டு, குடும்பப் போட்டோக்களுக்கான வீட்டு சர்வராக வைத்திருக்கிறேன். கூடவே 8 ஜிபி ராம் ஒன்றும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்தேன். சில நாள் ஒழுங்காக ஓடும்; திடீரென்று போனிலிருந்து தொடர்பு கிடைக்காது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். கடையில் கொடுத்தால் "நல்லாத்தானே ஓடுது" என்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். வாரண்டி முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது. என்ன வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஊகத்தில் பார்ட்ஸ் மாற்றினால் காசுதான் கரையும். அதிலும் மதர்போர்டு கடைசியாகத் தொடவேண்டியது.

பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கிறது என்றால், மெஷின் தானாக அணையவில்லை. அப்படியானால் ஒன்று முழுதாக உறைந்திருக்கிறது, இல்லை நெட்வொர்க் மட்டும் போயிருக்கிறது. அடுத்த முறை பட்டனைத் தொடாமல் மானிட்டரையும் கீபோர்டையும் இணையுங்கள். நம்லாக் விசையை அழுத்தினால் விளக்கு அணைந்து எரிகிறதா? எரிந்தால் மெஷின் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது, லினக்ஸ் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை (log) பாருங்கள். அலுவலக டெஸ்க்டாப்புகள் பலவற்றில் இருக்கும் இன்டெல் நெட்வொர்க் சிப், லினக்ஸில் 'ஹார்டுவேர் யூனிட் ஹேங்' என்று எழுதிவிட்டு இணைப்பை விடுவது பலரும் பார்த்த சங்கதி. அனுப்பும் டேட்டாவைத் துண்டுகளாக்குவதில் ப்ராசஸரின் சுமையைக் குறைக்கும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (TSO, GSO) என்ற இரண்டு ஆஃப்லோட் வசதிகளை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் தனியாக ஒரு நெட்வொர்க் கார்டு போதும். அது மதர்போர்டை விட மிக மலிவு.

விளக்கு அசையவில்லையா? முதல் சந்தேகம் நீங்கள் சேர்த்த ராம் மேல்தான். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். எந்த ராம் என்று தெரிய, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். பிழையே வராவிட்டாலும் ராம் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது. புதிய ராமைக் கழற்றிவிட்டு, இதுவரை நின்றுபோன இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு நாள் ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று: கெட்ட ராம் வழியாகப் போகும் போட்டோ சத்தமில்லாமல் பழுதாகியும் டிஸ்க்கில் பதியும். இது முடியும்வரை போனில் இருக்கும் படங்களை அழிக்காதீர்கள்.

யாரும் பயன்படுத்தாத நேரத்தில் மட்டும் உறைகிறதென்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்கில்), சும்மா இருக்கும் ப்ராசஸரைத் தூங்கவைக்கும் சி-ஸ்டேட் வசதியை அணைத்துப் பாருங்கள், செலவில்லை. இன்டெல் ஜே1900 போன்ற சிப்களும் ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் சிப்களும் இந்த விஷயத்தில் பேர் போனவை.

பவர் சப்ளையையும் விட்டுவிடக் கூடாது. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டாவது டிஸ்க்கின் கனெக்டரைச் சில நாள் கழற்றிவைத்தால் வித்தியாசம் தெரியலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில், 199 என்ற எண்ணுக்கு நேரே உள்ள பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குற்றவாளி பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள். டிஸ்க்கை மாற்றிவிடாதீர்கள். பவர் சப்ளையே வாங்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை: அலுவலக மாடல்கள் பலவற்றில் அளவும் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. ஏடிஎக்ஸ் என்ற பொதுவான அளவுள்ள சாதாரண பவர் சப்ளை பொருந்தாது. பழையதன் லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

வாரண்டி விஷயம்: கோளாறு இருக்கிறது என்று இன்றைக்கே கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள், தேதியோடு பதிவாகும். நீங்கள் சேர்த்தவற்றைக் கழற்றிய பிறகும் நின்றால், மெம்டெஸ்ட் திரையையோ உறைந்த திரையையோ படமெடுத்து அனுப்புங்கள். கடையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. மெஷினைச் சில நாள் அங்கேயே ஓடவிடச் சொல்லுங்கள். பில் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.